ஹொங் பொம்தோவின் துவக்குகள் பற்றிச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இணைப்பில் கொரிய விடுதலைப் போராளி ஹொங் பொம்தோ பற்றி வந்த கட்டுரை, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கொரிய மொழி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போகப்போகும் நாட்டின் வரலாறு தமிழில் வாசிக்கக் கிடைப்பது அரிது. அதை வெளியிட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள் என்பதால் சில பிழைகளைத் திருத்தியாக வேண்டும்.

கட்டுரை அவரை "இராணுவ அகடமியில் பயின்ற அதிகாரி" என்கிறது. அது இன்னொருவருடைய வாழ்க்கை. அவர் ஜீ சொங்சொன். 1888-இல் பிறந்து, ஜப்பானிய இராணுவ அகடமியில் 1914-இல் தேறி, அதிகாரியாக இருந்தவர். 1919-இல் மஞ்சூரியாவுக்கு, அதாவது சீனாவின் வடகிழக்குப் பகுதிக்கு, தப்பிப்போய் அங்கே கொரிய இளைஞர்களுக்குப் படைப்பயிற்சி கொடுத்தார். 1940 செப்டெம்பர் 17-இல் சீனாவின் சொங்சிங் நகரில் கொரிய விடுதலைப் படை தொடங்கப்பட்டபோது அதன் தளபதியும் அவரே. அந்தப் படையிலிருந்து ஒன்பது பேர் 1943-இல் இந்தியா வந்து, இம்பால் முனையில் பிரித்தானியருக்காக ஒலிபெருக்கியிலும் துண்டுப்பிரசுரத்திலும் ஜப்பானியச் சிப்பாய்களைச் சரணடையச் சொல்லும் வேலையைப் பார்த்தார்கள். அந்தப் போர்முனைக்கு மேலிருந்த நேசநாட்டுத் தலைமையகம் 1944 ஏப்ரலில் பேராதனைக்கு மாறியது. நம் நாட்டோடு ஒரு தொடுப்பு வேண்டுமென்றால் அது அங்கே இருக்கிறது, ஹொங்கிடம் இல்லை.

ஹொங் பொம்தோ 1868-இல் பியொங்யாங்கில் பிறந்தார். பிறந்து சில நாளில் தாய் போனார். பிறர் வயலில் கூலிக்கு நின்ற தகப்பனும் ஹொங்குக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போய்விட்டார். 1883-இல் பதினைந்து வயதுப் பையனாகப் படையில் சேர்ந்தார் என்பது உண்மைதான். ஆனால் சேர்ந்தது பியூகிள் ஊதுகிற வேலைக்கு. ஏறக்குறைய நாலு வருடத்தில் அதையும் விட்டு வெளியேறிவிட்டார். பிறகு ஒரு காகித ஆலையில் கூலி, கும்காங் மலையிலுள்ள ஷின்க்யே விகாரையில் துறவி, அதற்கும் பிறகு வடக்கே ஹம்க்யொங் மாகாண மலைகளில் வேட்டைக்காரர். 1907 ஓகஸ்ட் 1-இல் ஜப்பான் கொரியப் படையைக் கலைத்தபோது ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் துவக்கோடு மலையேறினார்கள். ஹொங் அவர்களில் ஒருவரல்லர். அவர் படையை விட்டு அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது.

அவரை எழுப்பிய சட்டம் வேறு. அதே வருடம் செப்டெம்பரில் வந்த துவக்கு, வெடிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை விட்டுவிட்டு இந்த மனிதரை விளங்கிக்கொள்ள வழியில்லை. ஹம்க்யொங்கின் புக்சொங், சம்சு, கப்சான் பகுதிகளில் குளிர்காலம் நீண்டது, விளைநிலம் குறைவு. மான், கரடி, புலித் தோலை விற்றுத்தான் அரிசி. துவக்கைப் பிடுங்கினால் அடுப்பு அணையும். இன்னொன்றும் உண்டு. அங்கே வேட்டைக்காரர்கள் தனித்தனி ஆட்களாக இருக்கவில்லை. அவர்களுக்கென்று சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர் இருந்தார், வரி கட்டும் ஒழுங்கு இருந்தது, யார் வீட்டில் என்ன துவக்கு என்ற விவரமும் இருந்தது. சட்டம் வந்த அன்று எதிர்ப்புக்குப் புதிதாக ஓர் அமைப்பைக் கட்டவேண்டிய தேவை ஹொங்குக்கு ஏற்படவில்லை. இருந்த சங்கமே படையாயிற்று.

அவர்கள் கையில் இருந்தது திரித்துவக்கு. நம் பக்கம் உன்னிச்சை, புல்லுமலைக் காடுகளில் இடியன் என்ற நாட்டுத் துவக்கைப் பார்த்தவர்களுக்கு இதன் பாதி வேலை விளங்கும். குழலை நிமிர்த்திப் பிடித்து, அளந்து வைத்த மருந்தைக் கொட்டி, ஈய உருண்டையைப் போட்டு, தண்டால் இடித்து இறுக்க வேண்டும். இதுவரை இடியன் மாதிரித்தான். அதற்குமேல்தான் சங்கடம். இடியனுக்குக் கேப்பு வைத்தால் போதும். திரித்துவக்கில் குழலின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதில் பொடியாக அரைத்த மருந்து கொஞ்சம் போட்டு மூடி, கனன்றுகொண்டிருக்கும் திரியின் சாம்பலை ஊதித் தட்டி, விசையின் கவட்டில் செருகி, கிண்ணத்தின் மூடியைத் திறந்து, குறி வைத்து, விசையை இழுக்க வேண்டும். கைதேர்ந்த ஆளுக்கும் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் அரை நிமிடத்துக்குக் குறையாது. கரடு நிலத்தில், பதுங்கியபடி என்றால் ஒரு நிமிடமும் ஆகும்.

கெட்டுப்போக இடம் நிறைய. மழையில் திரி அணையும், கிண்ணத்து மருந்து நனையும். இரவில் திரியின் நெருப்பு ஆளைக் காட்டிக்கொடுக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் கருகும் வாடை மிருகத்துக்கு முன்கூட்டியே போய்ச்சேரும். சில வெடிக்குப் பிறகு குழலுக்குள் கரி படிந்து உருண்டை பாதியில் சிக்கும். அது தெரியாமல் வெடித்தால் குழல் பிளக்கும். இவ்வளவு குறையுள்ள ஆயுதத்தை வைத்துப் புலி வேட்டையாடியவர்கள் தூரத்திலிருந்து சுடமாட்டார்கள். மிருகம் வரும் தடத்தை முதலில் படிப்பார்கள். காற்றுக்குக் கீழ்ப்பக்கம் பதுங்குவார்கள். நன்றாக அண்மிக்கும்வரை மூச்சுவிடாமல் கிடப்பார்கள். முதல் வெடி தப்பினால் அவர்கள் தப்பமுடியாது.

1907 நவம்பரில் ஹுசி கணவாயில் ஜப்பானிய அணியை மறித்து அடித்தது இப்படித்தான். அந்தக் குளிர்காலம் முழுவதும் சம்சுவிலும் கப்சானிலும் அதுவே தொடர்ந்தது. ஜப்பானிய நிர்வாகத்தின் பதிலடி வீட்டிலிருந்து தொடங்கியது. ஹொங்கின் மனைவியைப் பிடித்து, கணவரைச் சரணடையச் சொல்லிக் கடிதம் எழுதும்படி வதைத்தார்கள். மனைவி 1908-இல் இறந்தார். அதே வருடம் ஜூனில் மூத்த மகன் யாங்சுன் சண்டையில் விழுந்தார். கூட்டாளி சா தோசொன் அதற்கு முன்பே, மார்ச்சில், சரணடைந்துவிட்டார். இவ்வளவுக்கும் ஹொங் மலையை விட்டு இறங்கவில்லை. அவரை எல்லை தாண்ட வைத்தது ரவைத் தட்டுப்பாடு.

இதை வாசகர்கள் ஒரு கணக்கோடு பார்ப்பது நல்லது. முந்நூறு பேருக்கு ஆளுக்கு இருபது ரவை என்றால் ஆறாயிரம். குழலின் பின்பக்கத்தால் தோட்டா போடும் துவக்கில் அது கால் மணி நேரத்துச் சண்டைக்கே போதாது. ரஷ்யத் துவக்கின் நூறு ரவை இரண்டு கிலோவுக்கு மேல் நிறை. துவக்கு தனியே நாலு கிலோவுக்கு மேல். உணவையும் குளிருடையையும் சேர்த்தால் ஓர் ஆள் மலையில் சுமக்கக்கூடிய எல்லை அங்கேயே வந்துவிடும். உள்ளூரில் கருமருந்து செய்யலாம், ஈயம் உருக்கி உருண்டை வார்க்கலாம். பித்தளைத் தோட்டாவை மலைக்கிராமத்தில் செய்ய முடியாது. திரித்துவக்கிலிருந்து நல்ல துவக்குக்கு மாறிய அன்றே போராளி வெளியாரின் தயவுக்கு வந்துவிடுகிறான்.

எல்லை தாண்டிய பிறகு ஏறக்குறைய பத்து வருடம் ரஷ்யக் கரையோரத்தில் துறைமுகக் கூலி, தங்கச் சுரங்கக் கூலி. கொரியத் தொழிலாளரைச் சங்கமாகச் சேர்த்து, கூலியில் மிச்சம் பிடித்துத் துவக்கு வாங்கினார். கட்டுரையாளருக்கு இது "தலைமறைவு வாழ்க்கை". எங்களுக்கு இதுதான் அந்த வாழ்க்கையின் மையமாகப் படுகிறது. ஐம்பதை நெருங்கும் ஒருவர் மூட்டை சுமந்து ரவைக்குக் காசு சேர்த்திருக்கிறார்.

ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் 1 எழுச்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த செக்கோஸ்லோவாக்கியப் படையினர் விளாடிவொஸ்டொக் வழியாக ஊர் திரும்பும்போது ஆயுதங்களைக் கொரியருக்கு விற்றார்கள். மஞ்சூரியக் கொரியக் குடியிருப்புகளில் பணம் திரண்டது. வாங்கியதை ஆட்கள் முதுகில் சுமந்து, பகலில் காட்டில் ஒளிந்து, இரவில் நடந்து எல்லை கடத்தினார்கள். அங்கும் ஒரு கோளாறு. ரஷ்யத் துவக்கின் ரவை 7.62 மில்லிமீட்டர், ஜப்பானியத் துவக்கினது 6.5. எதிரியிடம் பறித்த ரவை கையிலுள்ள துவக்குக்குப் பொருந்தாது. ஒரே அணியில் இரண்டு மூன்று வகை இருந்தால், சண்டை நடுவில் பக்கத்து ஆளிடம் கைமாற்று வாங்கவும் முடியாது. 1920 ஏப்ரலில் ஜப்பானியப் படை விளாடிவொஸ்டொக்கின் கொரியக் குடியிருப்பைத் தாக்கியதோடு அந்த வழியும் ஒடுங்கியது. இரண்டு மாதத்தில் நடந்த பொங்ஓதொங் சண்டையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

1920 ஜூன் 7. இடம் தூமென் ஆற்றுக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே நீண்டு போகும் பள்ளத்தாக்கு. கீழூர், நடுவூர், மேலூர் என மூன்று குடியிருப்புகள். இன்று அதில் ஒரு பகுதி நீர்த்தேக்கம். அங்கே கொரியக் குடியிருப்பை நிலைநாட்டியது சோய் ஜின்தொங் குடும்பம். கூட்டுப்படையின் தலைவரும் அவரே. ஹொங் அவருக்குக் கீழே சண்டையணியை நடத்தினார். எல்லாரும் சேர்ந்து சுமார் 700 பேர். கட்டுரை ஹொங்கை மட்டும் வைத்து எழுதியது சோய்க்குச் செய்த அநியாயம்.

ஆற்றைத் தாண்டி வந்த ஜப்பானிய அணி முந்திய நாட்களில் நடந்த எல்லைத் தாக்குதலுக்குப் பழிவாங்கத் துரத்திக்கொண்டு வந்தது. கொரியர் முதலில் ஊர்மக்களை வெளியேற்றினார்கள். எதிரிக்கு வழிகாட்டவோ தானியம் கொடுக்கவோ ஊரில் ஆள் இல்லை. பிறகு மேலூரைச் சுற்றிய மலைமுகடுகளில் அணிகளைப் பிரித்து இருத்தினார்கள். யீ ஹ்வாயில் என்பவரின் சிறிய அணி முன்னே போய், சுட்டுவிட்டுப் பின்வாங்கி, எதிரியை உள்ளே இழுத்தது. முன்னணிச் சிப்பாய்கள் பள்ளத்தாக்குக்குள் வந்தபோது யாரும் சுடவில்லை. அவர்களை நடக்கவிட்டார்கள். பிரதான அணி முழுதாக உள்ளே வந்த பிறகுதான் தலைமையின் சைகை வந்தது.

எழுத இலகு. செய்வதற்கு 700 பேரில் ஒரே ஒரு ஆளின் விரலும் நடுங்காமல் இருக்க வேண்டும். முன்னணி வந்தபோதே ஒருவன் சுட்டிருந்தால் பின்னால் வந்தவர்கள் முகட்டைச் சுற்றி ஏறியிருப்பார்கள். அப்போது பொறிக்குள் இருப்பது கொரியர். வேட்டைக்காரரின் பொறுமை எங்கே பயன்பட்டது என்றால் இங்கேதான். சண்டை நடுவே பெருமழை கொட்ட, இடத்தைப் பிடித்து வைத்திருக்க முயலாமல் விலகிப் போனார்கள். வென்ற இடத்தைக் காப்பதற்கு ரவை வேண்டும், அது அவர்களிடம் இல்லை.

எண்ணிக்கை விடயத்துக்கு வருவோம். ஜப்பானியர் 157 பேர் இறந்தனர் என்று தங்கள் கட்டுரை உறுதியாகச் சொல்கிறது. அது ஷாங்காயில் நாடுகடந்து இயங்கிய கொரியத் தற்காலிக அரசு வெளியிட்ட தொகை. தன் பக்கத்தில் நால்வர் இறந்ததாகவும் அதே அரசு சொன்னது. ஜப்பானிய இராணுவப் பதிவுகளில் அவர்களது இழப்பு மிகச் சிறிய எண்ணாகவே இருக்கிறது. இரண்டு பக்கத்து வானொலியையும் கேட்டு வளர்ந்த கிழக்கு மாகாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. யார் சொன்ன எண் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். மஞ்சூரியாவுக்குள் ஜப்பானிய அணி துரத்தி வந்து, நினைத்ததை முடிக்காமல் திரும்பிப் போனது என்பதில் மட்டும் இரு பக்கத்துக்கும் பெரிய தகராறு இல்லை.

அக்டோபர் 21 முதல் 26 வரை சொங்சான்-றி வட்டாரத்தில் நடந்த சண்டைகளில் ஹொங்கின் அணியும் இன்னொரு கொரியத் தளபதியான கிம் ஜ்வாஜின்னின் அணியும் தனித்தனியாகவும் சேர்ந்தும் போரிட்டன. தென்கொரியாவில் நெடுங்காலம் கிம்மின் பெயரே முன்னால் வந்தது. காரணம் பின்னால் வரும். இந்தச் சண்டைகளுக்கு மஞ்சூரியக் கொரியக் கிராமங்கள் கொடுத்த விலையைத் தங்கள் கட்டுரை தொடவேயில்லை. ஜப்பானியப் படை அந்த இலையுதிர்காலத்திலிருந்து ஊர்களை எரித்து, ஆண்களைச் சுட்டு, பள்ளிக்கூடங்களையும் தேவாலயங்களையும் கொளுத்தியது. கொல்லப்பட்டோர் மூவாயிரத்துக்கு மேல் என்பது தற்காலிக அரசின் பத்திரிகை அன்று கொடுத்த கணக்கு. போராளிக்குச் சோறு போட்ட ஊர்தான் முதலில் எரிந்தது. அதை எழுதாமல் வெற்றியை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

அடுத்து 1921. கட்டுரை இங்கே ஒரே பாய்ச்சலில் 1943-க்குப் போய்விட்டது. ஏன் என்று ஊகிக்கலாம், விரும்பத்தகாத பகுதி அதுதான். மஞ்சூரியாவில் நிற்கமுடியாத கொரிய அணிகள் ரஷ்ய எல்லைக்குள் போய் ஸ்வொபொட்னி நகரில் கூடின. அங்கே எல்லா அணிகளையும் யார் தலைமையில் சேர்ப்பது என்பதில் கொரியக் கம்யூனிஸ்டுகளின் இரண்டு பிரிவுகள் மோதின. சோவியத் செம்படை ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. ஒரு பகுதியினர் மறுத்தார்கள். ஜூன் 28-இல் அவர்களைச் சுற்றி வளைத்துத் தாக்கினார்கள். பலர் இறந்தார்கள், ஆற்றில் மூழ்கியவர்களும் உண்டு. ஹொங்கின் ஆட்கள் மறுத்த பக்கத்தில் இல்லை, அவர் அந்தத் தாக்குதலில் துவக்குப் பிடித்தார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் பிடிபட்டவர்களை விசாரிக்க நவம்பரில் அமைந்த மூவர் நீதிமன்றத்தில் அவரும் ஒருவராக அமர்ந்தார். அவரை நேசிப்பவர்கள் இதை மறைக்கிறார்கள், வெறுப்பவர்கள் இதை மட்டுமே சொல்கிறார்கள். பத்திரிகை இரண்டையும் செய்யக்கூடாது. தண்டனையைக் குறைக்கத்தான் அமர்ந்தார் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எங்கள் கணிப்பு இதுதான்: ஆயுதம், உணவு, ஒதுங்க இடம் மூன்றையும் ஒரே அரசிடம் பெற்றுக்கொண்டவருக்கு மறுக்கும் சுதந்திரம் பெரிதாக மிஞ்சியிருக்காது. இது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் வாதமும் அல்ல.

1922 ஜனவரியில் மொஸ்கோவில் நடந்த தூரகிழக்கு உழைப்பாளர் மாநாட்டுக்குப் போனார். அங்கே நிரப்பிய படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "நீதிப்படை வீரன்" என்ற பொருள்படவும், நோக்கம் என்ற இடத்தில் கொரிய விடுதலை என்றும் எழுதினார். லெனினைச் சந்தித்தார், ஒரு மௌசர் கைத்துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. ஆனால் அவர் கட்டியெழுப்பிய அணி அதற்குள் அவரிடம் இல்லை. பிறகு கூட்டுப்பண்ணையில் விவசாயம், 1927-இல் கட்சி உறுப்புரிமை. 1937 இலையுதிர்காலத்தில் ஸ்டாலின் அரசு தூரகிழக்கிலிருந்த கொரியர் சுமார் 172,000 பேரை, ஜப்பானிய உளவுக்குத் துணைபோவார்கள் என்று குற்றஞ்சாட்டிச் சரக்கு ரயில்களில் மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. அதில் ஹொங்கும் ஒருவர். ஜப்பானோடு பல வருடம் மோதியவரையும் அதே பட்டியலில் ஏற்றியிருந்தார்கள்.

கசகஸ்தானின் கிசில்ஒர்டா நகரில் கொரிய நாடக அரங்கின் காவலாளியாக இருந்தார். 1942-இல் அதே அரங்கத்தார் அவரது வாழ்க்கையை நாடகமாக்கி மேடையேற்றினார்கள். 1943 அக்டோபர் 25-இல், 75 வயதில் காலமானார். விடுதலைக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

சோவியத் நாட்டில் கட்சி உறுப்பினராக இறந்தவர் என்பதே தென்கொரியாவில் அவர் பெயர் பின்தள்ளப்பட்டதற்குக் காரணம். 1962-இல் அரசு விருது கொடுத்தது, ஆனால் உடல் வெளிநாட்டு மண்ணிலேயே கிடந்தது. 2021 ஓகஸ்ட் 15-இல், விடுதலை நாளன்று, அவரது எச்சங்களை இராணுவ விமானத்தில் கொண்டுவந்து, 18-ஆம் திகதி தெஜொன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 2018 மார்ச் 1-இல் தென்கொரிய இராணுவ அகடமி வளாகத்தில் ஐந்து விடுதலை வீரர்களுக்கு மார்பளவுச் சிலை வைத்தபோது, பயிற்சியில் சுட்ட ரவைகளின் வெற்றுத் தோட்டாக்களை உருக்கியே வார்த்தார்கள். கட்டுரை யாருடைய வாழ்க்கையை ஹொங்குக்குப் போட்டதோ, அந்த ஜீ சொங்சொன்னின் சிலையும் அதே வரிசையில்தான் இருந்தது. 2023-இல் கட்சித் தொடர்பையும் ஸ்வொபொட்னியையும் காட்டி, ஹொங்கின் சிலையை அகற்ற அகடமி முடிவெடுத்தது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. இந்தச் சர்ச்சை புரிய வேண்டுமானால் 1921 தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பகுதியைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதாயிற்று.

மயானத்தைப் பார்க்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு: தெஜொன் நகர மெட்ரோ 1-ஆம் பாதையில் ஹ்யொன்சுங்வொன் நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து மயானம் பஸ்ஸில் சில நிமிடம். உள்ளே பரப்பு மிகப் பெரியது. வாயிலில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு விடுதலை வீரர் மூன்றாம் பிரிவைக் கேளுங்கள். மார்ச் 1, ஓகஸ்ட் 15 இரண்டும் அங்கே பொது விடுமுறை. அந்த நாட்களில் சனம் அதிகம், வேறு ஞாயிற்றுக்கிழமை போவது வசதி.

கட்டுரையின் இரண்டாம் பாகம் வருவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். மேலே சொன்ன திருத்தங்களை அதில் சேர்த்து, ஜீ சொங்சொன்னுக்குத் தனிக் கட்டுரை ஒன்று ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கொரிய மொழி ஆசிரியர்கள் இருவர்,
களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு.